பத்து மடங்குக் கண்ணாடியும் பதினைந்து அங்குலக் கப்பலும்



இந்த மாதம் நான் விட்ட ஒரு தவறைப் பற்றி எழுதுகிறேன். செலவான தொகை பெரிதல்ல. ஆனால் அது என்னுடைய பணமல்ல, எங்கள் மகளிர் குழுவின் சுழற்சி நிதிப் பணம்.

வடமராட்சியில் நான் போய்வரும் வீடொன்றில் ஓர் அக்கா மாதிரிக் கப்பல் செய்து விற்கிறார். தகப்பனிடம் பழகிய தொழில். அந்தப் பக்கத்தில் கப்பல் என்றால் தனி மரியாதை. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்க, நம்மூர் மாலுமிகள் அதைச் செலுத்திக்கொண்டு போய் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அந்தக் கப்பலைத்தான் அக்கா திரும்பத் திரும்பச் செய்கிறார். வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் கேட்டு வாங்குகிறார்கள்.

உண்மைக் கப்பல் ஏறத்தாழ 90 அடி. அக்கா அதை 72இல் ஒரு பங்காகச் செய்கிறார்; அப்போது நீளம் 15 அங்குலம். ஆறடி மனிதன் ஓர் அங்குலம் ஆகிவிடுவான். ஓர் அங்குலத் தடிப்புள்ள கயிறு 0.35 மில்லிமீற்றர் நூலாகிவிடும். எட்டு அங்குலக் கப்பி மூன்று மில்லிமீற்றர்கூட இராது. அதற்குள்ளும் நூல் போகத் துளை வேண்டும். பாய்மரத்தில் மாலுமிகள் ஏறும் நூலேணியில் ஒவ்வொரு படிக்கும் முடிச்சு. நான் ஒருமுறை எண்ணத் தொடங்கி இடையில் விட்டுவிட்டேன்.

கடந்த வருடம் ஒருநாள் போனபோது பாதி முடிந்த கப்பல் அலுமாரிக்கு மேல் துணியால் மூடிக் கிடந்தது. "எனக்கு இனிக் கண் சரிவராது பிள்ளை. உந்த நுணுக்க வேலை செய்து செய்தே கண் போச்சு. உவள் கட்டட்டும்" என்றார் அக்கா. 'உவள்' என்றது மகளை. உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிற பிள்ளை. பின்னேர வகுப்பால் வந்து, இரவு பத்து மணி மட்டும் தாய்க்காக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் எவருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. தாயால் முடியாததை மகள் செய்வது வழமைதானே! சமூகவியல் வகுப்பில் நான் இதைப்பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். நேரில் கண்டபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் இந்தப் பிள்ளை புத்தகத்துக்குப் போய்விடும்.

குழுவில் பேசிப் பணம் எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போனேன். "உள்ளதுக்குள் ஆகக் கூடப் பெருப்பிக்கிறது எது?" என்று கேட்டேன். பத்து மடங்குக் கண்ணாடி ஒன்றைத் தந்தார்கள். பெருமையோடு கொண்டுபோனேன்.

அக்கா அதைக் கண்ணில் வைத்துக் குனிந்தார். முடிச்சு தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் கண்ணாடிக்கும் நூலுக்கும் இடையில் ஓர் அங்குலம்தான் இருக்கலாம். அதற்குள் சாமணம் எப்படி நுழையும்? ஒரு கை கண்ணாடியைப் பிடித்தால் முடிச்சுப் போட ஒரு கைதான் மிச்சம். தலையின் நிழல் கப்பலில் விழுந்தது. மூச்சுவிட்டால்கூடக் காட்சி கலங்கியது. ஐந்து நிமிடத்தில் கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு, "நல்ல கண்ணாடி பிள்ளை" என்றார். என் மனம் நோகக்கூடாதென்று சொன்னது.

என் பிழையைச் சொல்லித் தந்தவர் மணிக்கூடு திருத்தும் ஒரு பெரியவர். அவரும் கண்ணில் கண்ணாடி இடுக்கித்தானே வேலை செய்கிறார் என்று விசாரித்தேன். "தங்கச்சி, நான் மணிக்கூட்டைத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவருவன். உங்கடை அக்கா கப்பலைத் தூக்க ஏலுமோ? எத்தனை மடங்கு எண்டு கேக்காதேங்கோ, எவ்வளவு தூரத்திலை தெரியும் எண்டு கேளுங்கோ" என்றார்.

பிறகு செய்ததை முதலிலேயே செய்திருக்க வேண்டும். அக்காவைக் கண் சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். வயது 46. வந்திருப்பது வெள்ளெழுத்து. நாற்பதைக் கடந்ததும் கண்ணுக்குள் இருக்கும் வில்லையின் நெகிழ்ச்சி குறைவதால் வருவது. நுணுக்க வேலை செய்ததால் வந்ததல்ல. இதைக் கேட்டதும் அக்காவின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். தன் தொழிலே தன் கண்ணைத் தின்றுவிட்டது என்று இரண்டு வருடமாக மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திடீரென்று பார்வை மங்கினாலோ, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ, நேர்கோடு வளைந்து தெரிந்தாலோ, கண் வலித்தாலோ கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள், வைத்தியரிடம் போங்கள். நீரிழிவு உள்ளவர்கள் ஒன்றும் இல்லாவிட்டாலும் போக வேண்டும்.

வாசிப்புக் கண்ணாடி போட்டதும் பலகை ஒட்டுவதும் நிறம் பூசுவதும் அக்காவுக்குக் கைவந்தன. முடிச்சுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் பெருப்பிக்க வேண்டியிருந்தது. இந்த முறை அளவுநாடாவோடு கடைக்குப் போனேன். அதற்கு முன் அக்காவை வேலை செய்யும்படி இருத்தி, கண்ணுக்கும் கப்பலுக்கும் இடைத்தூரத்தை அளந்துகொண்டேன். கைகள் தாராளமாக அசைய 10 அங்குலமாவது வேண்டும்.

கடையில் பெட்டியில் எழுதியிருக்கும் மடங்குக் கணக்கை அப்படியே நம்பவேண்டாம். ஒரே வில்லையை ஒருவர் ஒரு முறையில் கணக்கிட்டுப் போடுவார், மற்றவர் வேறு முறையில் கூட்டிப் போடுவார். நாங்களே பார்க்க வழி உண்டு. கடைவாசலுக்கு எதிரான சுவர் அருகே வில்லையைப் பிடித்து முன்பின் நகர்த்துங்கள். ஓரிடத்தில் வெளியே தூரத்தில் உள்ள மரமோ கட்டடமோ சுவரில் தலைகீழாகத் தெளிவாக விழும். வில்லைக்கும் சுவருக்கும் உள்ள தூரம்தான் குவியத் தூரம். பத்தாம் வகுப்பு விஞ்ஞானத்தில் மனப்பாடம் செய்தது எனக்கு முப்பது வயதுக்குப் பிறகுதான் உதவியது! நூறை அந்தச் சென்ரிமீற்றரால் வகுத்தால் வலு எத்தனை டயொப்டர் என்று வரும். 33 சென்ரிமீற்றர் என்றால் மூன்று, 20 என்றால் ஐந்து, 10 என்றால் பத்து. வலு கூடக்கூடக் கிட்டப் போகவேண்டும். ஒரே பார்வையில் தெரியும் இடமும் சுருங்கும். முன்னால் உள்ள நூல் தெளிந்தால் பின்னால் உள்ளது மங்கும். அக்காவின் வேலைக்குப் பத்து மடங்கு ஏன் தோற்றது என்று அப்போதுதான் முழுதாக விளங்கியது.

மேசையில் பூட்டுகிற, சுற்றிவர விளக்குள்ள பெரிய வில்லை ஒன்றும் இருந்தது. தையல், பூவேலை, மணி கோர்த்தல் செய்கிற சகோதரிகளுக்கு அதுதான் நல்லது. துணி தட்டையாகக் கிடக்கும், கழுத்தும் நிமிர்ந்திருக்கும். கப்பலுக்கு ஆகாது. பாய்மரம் போய் வில்லையில் முட்டும். ஆகவே தலையில் பட்டிபோல் அணியும் வகையை எடுத்தோம். இரண்டு கண்ணுக்கும் வில்லை இருப்பதால் எது முன்னால், எது பின்னால் என்று ஆழம் தெரியும். இரண்டு கையும் சும்மா இருக்கும். வேண்டாதபோது மேலே தூக்கிவிடலாம். இதில் 1.75 மடங்கு என்றால் ஏறக்குறைய 14 அங்குலத்திலும், 2 என்றால் 10 அங்குலத்திலும், 2.5 என்றால் 8 அங்குலத்திலும் தெளியும். வாசிப்புக் கண்ணாடிக்கு மேல் போட்டால் தூரம் இன்னும் குறையும் என்பதால், அக்காவை அழைத்துச் சென்று நூலும் ஊசியும் கையில் கொடுத்தே பார்த்தோம். கண்ணாடி இல்லாமல் 2 மடங்கே போதுமென்றார். என் கை மறுபடி 2.5ஐத்தான் எடுத்தது, விட்டபாடில்லை!

பிளாஸ்ரிக் வில்லை பாரமில்லை, ஆனால் கீறும். தின்னர் பட்டால் மங்கிப்போகும். சவர்க்கார நீரும் மென்மையான பருத்தித் துணியும் போதும். விளக்கு இடப்பக்கத்திலிருந்து வர வைத்தோம். இல்லையென்றால் வலக்கை நிழல் முடிச்சில் விழும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கி முற்றத்து வேம்பைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். எந்தப் பூதக்கண்ணாடியையும் வெயில்படும் யன்னலருகே திறந்து வைக்காதீர்கள். துணியில் தீப்பிடிக்கும்.

பத்து மடங்குக் கண்ணாடியின் விலையை நான் குழு நிதியில் கட்டிவிட்டேன். கண்ணாடி இப்போது மகளிடம். பூவைப் பிரித்து மகரந்தக் கூடு பார்க்கிறாள். பூவைக் கண்ணுக்குக் கிட்டத் தூக்கலாம்தானே.

சென்ற கிழமை போனபோது அலுமாரிக் கப்பல் மேசைக்கு இறங்கியிருந்தது. ஒரு பக்க நூலேணியை அக்கா அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "உவள் கட்டினது பிள்ளை. இப்பதானே தெரியுது, எல்லாம் தளர்ந்து கிடக்கு" என்றார், பட்டியை மேலே தூக்காமலே.