மகளின் நெஞ்சிலுள்ள தழும்பு



கொட்டாஞ்சேனையில் ஓர் உம்மா என்னிடம் கேட்டார்: "ஹஸ்ரத், மகளுக்குச் சின்ன வயசில இதயத்தில ஒப்பரேஷன் செஞ்சது. இப்ப சுகமாத்தான் இருக்கா. கலியாணம் பேசுற நேரத்தில டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்றார். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?"

ஏறத்தாழ நூறு குழந்தைகளில் ஒன்று இதயக் குறையோடு பிறக்கிறது. 1288இல் கெய்ரோவில் வபாத்தான வைத்தியர் இப்னுந் நபீஸ், வலது இடது இதயவறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் துவாரமில்லை, இரத்தம் நுரையீரல் வழியாகவே செல்கிறது என்று எழுதினார். அவர் இல்லையென்ற துவாரத்தோடுதான் இந்தப் பிள்ளை பிறந்தாள். நுரையீரலுக்குச் செல்லும் பாதையும் ஒடுக்கம். உதடு நீலம் பாரித்தது.

சத்திரசிகிச்சையில் துவாரத்தை அடைத்து, பாதையை அகலமாக்கினார்கள். அகலமாக்கிய இடத்தில் வால்வு பெரும்பாலும் கசியும். அனுப்பிய இரத்தம் திரும்பி வர, வலது அறை வருடக்கணக்கில் மெல்லப் பெருக்கும். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. அளவுக்கு மிஞ்சிப் பெருத்துவிட்டால், புது வால்வு வைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம்.

எக்கோவில் பார்த்தால் போதாதா என்கிறீர்கள். வலது அறை நெஞ்செலும்புக்குப் பின்னால், கோணலான வடிவில் இருக்கிறது. எக்கோவுக்கு அது சரியாக அகப்படாது. எம்.ஆர்.ஐ. அந்த அறை கொள்ளும் இரத்தத்தை மில்லிலீற்றரில் அளக்கும். எத்தனை வீதம் திரும்பி வருகிறதென்றும் சொல்லும். கதிர்வீச்சு இல்லையாதலால் சில வருடங்களுக்கொருமுறை எடுத்து ஒப்பிடலாம்.

லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு உம்மாவின் கைபிடித்துப் போன பிள்ளைகள், வளர்ந்ததும் பெரியவர்களின் கிளினிக்குக்கு மாற வேண்டும். பெண்பிள்ளைகள் பலர் அங்கேதான் காணாமல் போகிறார்கள், தழும்பை மறைப்பதற்காக. கர்ப்பத்தில் உடலின் இரத்தம் ஏறக்குறைய பாதியளவு கூடும். அந்தச் சுமையை இதயம் தாங்குமா என்பதை முன்கூட்டியே அறிய வேண்டாமா? மாப்பிள்ளை வீட்டாரிடம் அறிக்கையோடு வாப்பா போய்ப் பேசட்டும். மறைத்துச் செய்த கலியாணத்தில் அந்தப் பிள்ளை கிளினிக்குக்கும் ஒளித்தல்லவா போக வேண்டும்!

ஸ்கேனுக்குக் குறைந்தது அரை மணி, சிலவேளை ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். சொல்லும்போது மூச்சைப் பிடிக்க வேண்டும். சத்தம் பலமாக இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். நெஞ்செலும்பைக் கட்டிய கம்பி பொதுவாகத் தடையல்ல. பேஸ்மேக்கர் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். வளையல், கருகமணி, முந்தானை ஊசி எல்லாம் கழற்ற வேண்டும். தாயத்துக் கூடும் உலோகம்தான். அதைக் கழற்றலாமா என்று கேட்டு எனக்கு ஆளனுப்ப வேண்டாம், கழற்றுங்கள்.