ஏழு ரூபாய் சரிங்க தம்பி, லோடு எவ்வளவு?

காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் போக்குவரத்துச் செலவு நடந்துகொண்டிருந்தது. பேச்சு எப்படியோ மங்கள்யானுக்குப் போக, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "கிலோமீட்டருக்கு ஏழே ரூபாய் சார், ஆட்டோவை விட சீப்பு!" வகுப்பே கைதட்டியது. எனக்குத்தான் கடுப்பு.

இந்த ஏழு ரூபாய் 2014 செப்டம்பரில் பிரதமர் மோடி நியூயார்க்கில் சொன்ன கணக்கு. 450 கோடி ரூபாய், 65 கோடி கிலோமீட்டர், வகுத்துக்கொள்ளுங்கள். 'கிராவிட்டி' படத்தை விடச் செலவு குறைவு என்றும் அதே வருடம் சொன்னார். பத்து வருடம் தாண்டியும் நமக்கு ஞாபகம் இருப்பது இந்த இரண்டு வசனம்தான்.

ஆனால் மக்களே, சரக்கு வண்டிக்கு அலகு டன்-கிலோமீட்டர் இல்லையா? இதுக்குப் புத்தகமே வேண்டாம். நாமக்கல்லில் ஏதாவது ஒரு லாரி ஓனரிடம் போய் இந்த ஏழு ரூபாய்ப் பெருமையைப் பேசிப் பாருங்கள். "சரிங்க தம்பி, லோடு எவ்வளவு?" என்பார். மங்கள்யானின் லோடு, அதாவது ஐந்து ஆராய்ச்சிக் கருவிகள், மொத்தம் 15 கிலோ. ஒரு மூட்டை கோழித்தீவனம்கூட இல்லை! டன்-கிலோமீட்டருக்குப் போட்டால் 460 ரூபாய் வருகிறது (கால்குலேட்டரில் நானே போட்டது, சரிபார்த்துக்கொள்ளலாம்).

இஸ்ரோவை நான் திட்டவில்லை. கையில் இருந்த பி.எஸ்.எல்.வி. தூக்கிய எடை அவ்வளவுதான். அதை வைத்து முதல் முயற்சியிலேயே செவ்வாயைச் சுற்ற வைத்தார்கள். ஆறு மாதத்துக்குச் செய்த வண்டி ஏழரை வருடம் ஓடியது (சனி இல்லை, செவ்வாய் :-)). தேய்மானம் எழுதி முடித்த பிறகும் ஓடிய வண்டி. அதைப் பற்றி யாராவது பேசுகிறோமா?

என் கோபம், விலையைப் பாராட்டிவிட்டு சரக்கைப் பார்க்காமல் விட்டதில்தான். பெரிதாகப் பேசப்பட்ட மீத்தேன் கருவியின் வடிவமைப்பிலேயே குறை. மீத்தேனை அதனால் பிரித்தறிய முடியவில்லை. செவ்வாய்த் தரை திருப்பியனுப்பும் சூரிய ஒளியை அளக்க அதை மாற்றிக்கொண்டார்கள். டெய்மோஸ் நிலவின் மறுபக்கப் படமும், மேல் காற்றுமண்டலத்தில் சூடான ஆர்கானும் உண்மையான வரவு. அதுவும் நமக்குத் தெரியாது. இரண்டு நாள் முன்னால் போய்ச் சேர்ந்த நாசாவின் மாவென், சூரியக் காற்று செவ்வாயின் காற்றை எப்படி உரித்தெடுக்கிறது என்று அளந்து காட்டியது. செலவு நம்மைப் போல ஒன்பது மடங்கு. அடுத்த செவ்வாய் வண்டிக்கு அந்த அளவு பணம் கேட்டால், "போன தடவை ஆட்டோ ரேட்டில்தானே போனீங்க?" என்று கேட்க மாட்டார்களா?

வகுப்பு முடிந்ததும் கைதட்டியவர்களிடம் கேட்டேன், மங்கள்யான் எப்போது நின்றதென்று. 2022 ஏப்ரலில் நீண்ட கிரகணத்துக்குப் பிறகு தொடர்பு போனது, அக்டோபரில் இனி மீட்க முடியாதென்று இஸ்ரோ அறிவித்தது. ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒருத்தன் மட்டும், "இன்னும் சுத்திக்கிட்டுத்தானே இருக்கு?" என்றான்.

சுத்திக்கிட்டுத்தான் இருக்குடா, பேசறதுதான் இல்லை.