வெற்று அட்டை

கடந்த நோன்புப் பெருநாளுக்கு டுபாயிலிருந்து வந்த நானா எனக்கென்று கொண்டு வந்தது ஒரு ஸ்பைடர்மேன் சித்திரக்கதைப் புத்தகம். மேலே புத்தகத்தின் பெயர் மட்டும் அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே முழுவதும் வெள்ளை. உம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படமே இல்லாத புத்தகத்துக்கா மகன் சல்லி கொடுத்தீங்க?" என்று கேட்டார். நானா சிரித்தார். "தங்கச்சி வரையட்டும் என்றுதான் உம்மா" என்றார்.

இப்படிப்பட்ட அட்டைக்கு ஆங்கிலத்தில் ஸ்கெட்ச் கவர் என்று பெயர். வழக்கமான அட்டை வழுவழுப்பாக இருக்கும். அதில் மை ஒட்டாது, கை பட்டால் இழுபடும். இந்த அட்டையோ நம் சித்திரக் கொப்பித் தாளைப் போலச் சற்றுத் தடிப்பானது, சொரசொரப்பானது. வாசகர் இதை வாங்கி, சித்திரக்கதை விழாக்களுக்கு வரும் ஓவியர் ஒருவரிடம் கொடுத்து, பணம் செலுத்தி, தனக்குப் பிடித்ததை வரைவித்துக்கொள்வார். ஆயிரக்கணக்கில் அச்சான ஒரு புத்தகம், அந்தக் கணத்திலிருந்து உலகத்தில் ஒன்றே ஒன்றாகிவிடும். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பிடிக்காத பகுதி அதற்குப் பிறகு வருகிறது. அமெரிக்காவில் சீ.ஜீ.சீ. என்றொரு நிறுவனம் 2000ஆம் ஆண்டு முதல் சித்திரக்கதைப் புத்தகங்களுக்குத் தரமிட்டு வருகிறது. புத்தகத்தை அனுப்பினால் மூலை மடிந்திருக்கிறதா, முதுகில் வெடிப்பு இருக்கிறதா, கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்து 0.5 முதல் 10 வரை மதிப்பெண் இடுவார்கள். பிறகு ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்கள். 9.8 கிடைத்த புத்தகத்துக்கும் 9.0 கிடைத்த புத்தகத்துக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

அட்டையில் ஓவியம் இருந்தால் என்ன செய்வார்கள்? ஓவியர் வரைவதை அந்த நிறுவனத்தின் சாட்சி ஒருவர் கண்ணால் பார்த்திருந்தால் மஞ்சள் சீட்டு ஒட்டுவார்கள். அதற்கு மதிப்பு அதிகம். சாட்சி இல்லாவிட்டால், அதே ஓவியர் அதே பேனையால் வரைந்த அதே படம், "அட்டையில் யாரோ எழுதியிருக்கிறார்கள்" என்ற கணக்கில் ஒரு குறையாகிவிடலாம். மதிப்பெண் குறையலாம், அல்லது பச்சைச் சீட்டு கிடைக்கலாம்.

இதை முதலில் வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு சீகிரியா நினைவுக்கு வந்தது. நமது தம்புள்ளையிலிருந்து அரைமணி நேரப் பயணம். நம்மில் ஏறாதவர்கள் குறைவு. அங்கே கண்ணாடிச் சுவரில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மலை பார்க்க வந்தவர்கள் ஓவியப் பெண்களைப் பற்றிக் கவிதை கிறுக்கிவிட்டுப் போனார்கள். பேராசிரியர் பரணவிதான அவற்றில் 685ஐ வாசித்தறிந்து 1956இல் நூலாக்கினார். இன்று அவை நாட்டின் பொக்கிஷம். அதே சுவரில் 2015இல் ஓர் இளம்பெண் தன் பெயரைக் கீறினார். தம்புள்ளை நீதிமன்றம் அவருக்கு இரண்டு வருடச் சிறைத்தண்டனை விதித்தது. பின்னர் ஜனாதிபதி மன்னிப்பு வழங்கினார். சுவரும் ஒன்று, செயலும் ஒன்று. ஒன்று இலக்கியம், மற்றது குற்றம். அந்தப் பெண் செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் கீறினால் சுவர் மிஞ்சாது. ஆனால் ஒரு கோடு பெறுமதியா பழுதா என்பதைக் கோடு மட்டும் தீர்மானிப்பதில்லை என்பது அங்கேதான் எனக்கு விளங்கியது. யார், எப்போது, எவருடைய அனுமதியோடு கீறினார் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

ஆகவே சாட்சி விதியை நான் குறை சொல்ல மாட்டேன். பெரிய ஓவியர்களின் பெயரில் கள்ளப்படம் வரைந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். தூர தேசத்திலிருந்து நம்பி வாங்குகிறவருக்கு ஏதாவது ஓர் உறுதி வேண்டும். என் வழக்கு வேறு. அந்த 9.8 என்ற எண் படத்துக்குக் கிடைத்த மதிப்பெண் அல்ல, தாளுக்குக் கிடைத்தது. அழகான படம் இருந்தும் ஒரு மூலை மடங்கியிருந்தால் மதிப்பெண் இறங்கும். சுமாரான கிறுக்கல் இருந்தும் தாள் புத்தம் புதிதாக இருந்தால் 9.8 வரும். வாங்குகிறவர்கள் பலர் எண்ணைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். க.பொ.த. உயர்தரச் சித்திரப் பரீட்சையில் நாம் வரைந்ததை விட்டுவிட்டு, விடைத்தாள் கசங்காமல் இருக்கிறதா என்று பார்த்து 'ஏ' சித்தி கொடுத்தால் ஒப்புக்கொள்வோமா?

இன்னொன்று. பெட்டிக்குள் போன புத்தகத்தை யாரும் வாசிக்க முடியாது. உடைத்துத் திறந்தால் மதிப்பெண் போய்விடும். வாப்பா பொருளாதார மத்திய நிலையத்தில் தக்காளி வியாபாரம் செய்கிறார். அங்கே தரம் பார்க்கிறவர்கள் கூடையின் மேல் அடுக்கை நம்புவதே இல்லை. கையை அடிவரை விட்டு ஒன்றை எடுத்து, விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். மூடி வைத்த கூடையை ஒரு சீட்டை நம்பி வாங்குவீர்களா என்று வாப்பாவிடம் கேட்டேன். "சீட்டையா நான் விக்கிற?" என்று திருப்பிக் கேட்டார்.

நல்ல காரியத்துக்கும் இந்த வெற்று அட்டை பயன்பட்டிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். வயது போய், நோயில் விழுந்து, கையில் காசில்லாமல் கஷ்டப்படும் சித்திரக்கதைக் கலைஞர்களுக்கு உதவும் ஹீரோ இனிஷியேட்டிவ் என்ற அமெரிக்க அமைப்பு, அல்டிமேட் ஸ்பைடர்மேன் நூறாவது இதழின் வெற்று அட்டைகளில் நூறு ஓவியர்களைக் கொண்டு படம் வரைவித்து ஏலத்தில் விட்டது. தாளின் மூலைக்காக அன்றி, படத்துக்காக மக்கள் விலை கேட்ட இடம் அது என்றே நான் நினைக்கிறேன்.

இதெல்லாம் தூர தேசத்துக் கதை, நமக்கென்ன என்று பெற்றோர் கேட்கலாம். நம் வீட்டு அலுமாரிகளைத் திறந்து பாருங்கள். சிவகாசியில் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸ், கடல் கடந்து நம் ஊர்களுக்கும் வந்தது. என் மாமா அதன் தீவிர வாசகர். மாத்தளைக்குப் போகும்போதெல்லாம் பஸ் காசில் மிச்சம் பிடித்து வாங்குவாராம். பழைய முத்து, லயன் இதழ்களுக்கு இன்று தமிழ்நாட்டில் சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுக்கிறார்கள். மாமாவின் இதழ்களில் ஒன்றே ஒன்றுதான் எங்களிடம் மிஞ்சியிருக்கிறது. அதன் உள்ளட்டையில் வெள்ளையாக இருந்த இடத்தில், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இரட்டைப் பின்னலோடு நிற்பதை அவர் நீல நிறக் குமிழ்முனைப் பேனையால் வரைந்திருக்கிறார். அந்தச் சிறுமி என் உம்மா. மாமா மௌத்தாகிப் பதினொரு வருடமாகிறது. சாட்சி யாருமில்லை. தரமிடுகிறவர் கையில் கொடுத்தால் அது பேனைக் கறை. மதிப்பெண் பாதாளத்துக்குப் போகும். உம்மா அதைக் காணி உறுதியோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

"படமே இல்லாத புத்தகத்துக்கா" என்று கேட்டவரும் இதே உம்மாதான். உயர்தரத்துக்குச் சித்திரம் எடுக்கிறேன் என்று நான் சொன்னபோது, "அதை எடுத்து என்ன செய்யப் போறீங்க?" என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தவரும் அவரே. நம் வகுப்பில் பலருக்கும் இந்த இரண்டு நாள் மௌனம் தெரிந்திருக்கும். சித்திரத்தை வீட்டில் பொக்கிஷமாகப் பூட்டி வைத்துவிட்டு, பிள்ளையின் பாடத்தெரிவில் மட்டும் அதைப் பழுதாகப் பார்ப்பது நியாயமா என்று எல்லாப் பெற்றோரையும் மரியாதையோடு கேட்கிறேன்.

நானா தந்த புத்தகத்தை நான்கு மாதம் தொடவில்லை. வெறுமையாக வைத்திருந்தால் அதற்கொரு விலை உண்டு. நான் வரைந்தால், தம்புள்ளையில் பதினேழு வயதுப் பிள்ளையொன்று கிறுக்கிப் பழுதாக்கிய புத்தகம். டுபாய்க்கு அழைத்து இதைச் சொன்னேன். "விற்கிறதுக்கா தந்தேன்?" என்றார் நானா. உடனே அழைப்பைத் துண்டித்துவிட்டார், வேலை நேரம்.

போன வெள்ளிக்கிழமை வரைந்தேன். முதலில் பென்சிலால் மெல்ல. அந்தத் தாளில் அழிறப்பரை அதிகம் தேய்த்தால் நார் எழும்பும், அதனால் மூன்று கோடுகளுக்கு மேல் அழிக்கவில்லை. பிறகு கறுப்பு மை. விடியற்காலை லொறியிலிருந்து தக்காளிக் கூடையைத் தோளில் இறக்கும் ஒருவர், பின்னால் விளக்குகள். கீழ் மூலையில் என் உள்ளங்கை பட்டு மை கொஞ்சம் இழுபட்டுவிட்டது.

உம்மா சமையலறையிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்து நெடுநேரம் பார்த்தார். "கூடையை இவ்வளவு சரிச்சுப் பிடிச்சா தக்காளி கொட்டிருமே, வாப்பாட்ட கேட்டிருக்கலாமே" என்றார். பார்த்தால், உண்மைதான்.