அண்டார்டிகா குளிருக்கும் எர்ணாவூருக்கும் என்ன சம்பந்தம்?

"அவ்வளவு செலவு செய்து அண்டார்டிகாவில் என்ன கிழிக்கிறார்கள்?" என்று கேட்பவர்கள் நம் வயதுக்காரர்களில் இன்றும் உண்டு. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

1981 டிசம்பரில் டாக்டர் காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து கப்பலேறினார்கள். முதலில் கட்டிய தட்சிண கங்கோத்ரி பனியில் புதைந்தது. பிறகு வந்த மைத்ரியில் குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போகும். ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியன் தலைகாட்டாது. பனிப்புயல் அடித்தால் எதிரில் நிற்பவர் தெரியமாட்டார். அதிலும் நம் வானிலைத் துறையினர் காற்றையும் குளிரையும் அளந்து எழுதுகிறார்கள்.

வீண் வேலையா? ஹாலி என்ற பிரிட்டிஷ் நிலையத்தில் பல வருஷம் சலிக்காமல் ஓசோனை அளந்த கணக்குதான் 1985இல் ஓசோன் ஓட்டையைக் காட்டிக்கொடுத்தது. 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம். நம் வீட்டு ஃபிரிட்ஜ் வாயுவே மாறியது.

நம் கரையைக் கடல் தின்றதற்கு முதல் காரணம் பனி உருகியது அல்ல. துறைமுகச் சுவர் வடக்கே வரவேண்டிய மணலை மறித்தது. மெரினா அகன்றது, நம் பக்கம் வீடுகள் போயின. ரொம்பத் தாமதமாகக் கல் கொட்டினார்கள். இனி கடல் மட்டமும் ஏறினால் அந்தக் கல் எத்தனை நாள் தாங்கும்? தென்துருவப் பனியை அளக்காமல் யார் சொல்வது?

அங்கே அளப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள். இங்கேயும் வருஷாவருஷம் கரையை அளந்து, கணக்கை நம் கண்ணில் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.