பௌர்ணமிக்கு மட்டும் ஒரு சர்வர்



கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நடக்கிறவங்க செல்போன்ல கேட்டா, அஷ்டலிங்கத்தில் அடுத்தது எது, எவ்வளவு தூரம்னு பதில் தரும் ஒரு ஏபிஐ செய்ய எங்க கணினிக் குழு முடிவு பண்ணியிருக்கு. லேப்ல ஒரு பழைய கம்ப்யூட்டரை ராப்பகலா ஓடவிட்டு அதிலேயே வைக்கலாம் என்கிறார்கள் சிலர். நான் ஒத்துக்க மாட்டேன். பௌர்ணமி, கார்த்திகை தீபம் தவிர மத்த நாளெல்லாம் அது சும்மா கரண்டு தின்னும். பௌர்ணமி ராத்திரி கரண்டு போச்சுன்னா அவ்வளவுதான்!

என் யோசனை சாலிஸ். அமேசான் 2016-ல் வெளியிட்ட பைத்தான் கருவி. (பிளாஸ்க் குடுவை, பாட்டில் புட்டி, சாலிஸ் கிண்ணம். பைத்தான்காரங்களுக்குப் பாத்திரக்கடை ஆசை போல!) நாம எழுதும் நிரலை அமேசானின் லாம்ப்டாவில் ஏற்றிவிடும். கேள்வி வந்தால் மட்டும் ஓடும், கூட்டம் கூடினால் தானே பெருகும். பௌர்ணமிக்குப் போட்டு மறுநாள் பிரிக்கிற அன்னதானப் பந்தல் மாதிரி. 'சர்வர்லெஸ்' என்ற பேர்தான் தப்பு. சர்வர் இருக்கு, நம்மகிட்ட இல்லை! லாம்ப்டாவில் மாதம் 10 லட்சம் அழைப்பு வரை இலவசம்.

'பிப் இன்ஸ்டால் சாலிஸ்', அப்புறம் 'சாலிஸ் நியூ-ப்ராஜெக்ட்'. அதில் வரும் ஆப்.பை கோப்பில்தான் நம்ம வேலை. 'சாலிஸ் லோக்கல்' அடிச்சா லேப் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கலாம். கடைசிப் படியான 'சாலிஸ் டிப்ளாய்'க்கு அமேசான் கணக்கும், பணம் கட்ட ஒரு கார்டு மாதிரி வழியும் வேணும். அது நம்மில் யாரிடமும் இல்லை. ரகசியச் சாவியை யாராவது வெளியே விட்டால் பில்லும் கார்டுக்காரர் தலையில். அதைப் பெரியவங்க முடிவு செய்யட்டும். லோக்கல் வரைக்கும் இந்தச் சனிக்கிழமையே முடிச்சிடலாம், ஐயா லேப் சாவி தந்தால்!

– 12ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு