குலுக்கையை இடிக்குமுன் தானியத்தை அள்ளுங்கள்

சென்ற வாரம் இன்னும் பணியில் இருக்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணாச்சி, ஆபீஸ்ல மெயிலையெல்லாம் புதுசா மாத்துதாங்க. பழைய லெட்டரெல்லாம் தானா வந்துரும்னு சொல்லுதாங்க. வருமா?" என்று கேட்டார். "வரும். வந்ததைப் படிக்க முடியுமான்னு கேளுங்க" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

2007-ல் நான் எழுத்தராக இருந்த அலுவலகத்துக்குப் புதுக் கணினிகள் வந்தன. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். "இனி வைரஸ் தொல்லை இல்லை" என்று சொல்லி மின்னஞ்சல் மென்பொருளையும் மாற்றினார்கள். சனிக்கிழமை வந்தவர்கள் ஞாயிறு இரவுக்குள் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். திங்கட்கிழமை பார்த்தால் பழைய கடிதங்கள் எல்லாம் பட்டியலில் இருந்தன. அனுப்பியவர், தேதி, பொருள் எல்லாம் சரி. இணைப்பைத் திறந்தால் மட்டும் ஆங்கில எழுத்தும் கமாவும் புள்ளியும் கலந்த ஒரே கிறுக்கல்.

இரண்டு மாதம் கழித்து, இறந்துபோன அலுவலக உதவியாளர் ஒருவரின் மனைவி குடும்ப ஓய்வூதியம் கேட்டு வந்தார். கணவரின் பணிக்காலத்தில் ஓர் இடைவெளி இருந்தது. அதை முறைப்படுத்திய ஆணை மின்னஞ்சலில்தான் வந்திருந்தது. அதை அச்சிட்டுக் கோப்பில் சேர்த்திருக்க வேண்டியவன் நான். கணினியில்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். அந்தத் தவறு என்னுடையது, மறைக்கவில்லை.

ஆணை வழங்கிய அலுவலகத்துக்கு எழுதினோம். அங்கேயும் கணினி மாறியிருந்தது. அவர்கள் அதே கிறுக்கலைத் திரும்ப அனுப்பினார்கள். படிக்க முடியாத ஆவணத்தை ஏற்க இயலாது என்று மேலிடம் கோப்பைத் திருப்பியது. அந்த அம்மா பருத்திக்காட்டு வேலையை விட்டுவிட்டு மாதம் ஒரு முறை பஸ் ஏறி வருவார். "சார், கம்ப்யூட்டர் இன்னும் சரியாகலையா?" என்று கேட்பார். இப்படி ஏழு மாதம்.

கடைசியில் காப்பாற்றியது கோவில்பட்டியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடைத் தம்பி ஒருவர். கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனேன். அவருடைய பழைய கணினியில் அந்த எழுத்துரு இருந்தது. ஒரு நிமிடத்தில் கிறுக்கல் தமிழாகிவிட்டது. அச்சிட்டு, சான்றொப்பம் வாங்கி அனுப்பினோம். ஓய்வூதியம் வந்தது.

ஆனால் அந்தப் பென் டிரைவை மறுபடி அலுவலகக் கணினியில் செருகியபோது கடையிலிருந்து ஒரு வைரஸும் கூடவே வந்துவிட்டது. வைரஸ் வரக்கூடாது என்று செய்த மாற்றம், என் கையாலேயே வைரஸை அழைத்துவர வைத்தது. ஓர் ஊழியரின் பணி விவரமும் வெளிக் கடைக்குப் போய்வந்தது.

பழைய கடிதம் புதிய மென்பொருளில் திறப்பது ஒரு பிரச்சினை, பாதுகாப்பு வேறொரு பிரச்சினை என்று இன்றும் பேசுகிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்கிறேன் நான். நேர்வழியில் திறக்காத கடிதத்தை ஊழியர் குறுக்குவழியில் திறப்பார். அன்று பென் டிரைவ், இன்று சொந்த ஜிமெயில், வாட்ஸ்அப். வாசலை அடைத்தால் கொல்லைப்புறம் திறக்கும்.

கிறுக்கலுக்குக் காரணம் எளியது. கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்பதற்கு ஓர் அட்டவணை வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் ஆளுக்கொரு அட்டவணை வைத்திருந்தன. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பு கிறுக்கலாகத்தான் தெரியும். தமிழுக்கு மட்டும் வந்த நோயல்ல இது. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பாரீஸிலிருந்து என் அக்கா மகன் எழுதும் கடிதங்களில், தலைக்கு மேல் சிறு கோடு போட்ட பிரெஞ்சு எழுத்து ஒவ்வொன்றும் இரண்டு அந்நிய எழுத்தாக உடைந்து வந்த காலம் உண்டு. அந்தக் கோட்டை மறந்தால் எங்கள் வாத்தியார் மதிப்பெண் குறைப்பார். கணினிக்கு யார் குறைப்பது?

கோப்பின் வடிவமும் மாறும். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2007 வந்தபோது வேர்டு கோப்பு 'டாக்'கிலிருந்து 'டாக்எக்ஸ்' ஆனது. வேர்டு 2003 வைத்திருந்தவர்கள் அதைத் திறக்கத் தனியாக ஒன்றை நிறுவ வேண்டியிருந்தது. தமிழுக்குப் பொது அட்டவணையாக யூனிகோடைத் தமிழக அரசு ஏற்று அறிவித்தது 2010-ல், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது. நல்ல முடிவு. ஆனால் அதற்கு முன் எழுதியவற்றை யார் மாற்றுவது?

"பெரியவர்களுக்குப் புதியது என்றாலே பயம்" என்று சில இளைஞர்கள் சொல்வார்கள். தம்பிகளே, மென்பொருளை மாற்றாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. 2000 மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற பெயரில் வந்த வைரஸ் அவுட்லுக் முகவரிப் பட்டியல் வழியாக உலகம் முழுவதும் பரவியது. 2017-ல் 'வான்னாக்ரை' வந்தது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. தாக்குதல் தொடங்கியது மே 12. இடையில் இரண்டு மாதம் சும்மா இருந்தவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை சர்வர்கள் முடங்கி, பல நாட்கள் கையால் எழுதி நோயாளிகளைப் பார்த்தார்கள். ஆகவே மாற்றத்தான் வேண்டும். எப்படி மாற்றுவது என்பதுதான் என் சண்டை.

எங்கள் கரிசல் காட்டில் புதுக் குலுக்கை கட்டினால், பழையதில் உள்ள தானியத்தை அள்ளிப் புதியதில் கொட்டி, வண்டு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பழையதை இடிப்பார்கள். இடித்துவிட்டுத் தானியத்தைத் தேடுகிறவனை ஊர் சிரிக்கும். அலுவலகங்களில் அதைத்தான் செய்கிறோம்.

கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. அந்தப் பாளையப் போர்க் காலத்துக் கும்பினிக் கடிதங்களைச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இன்றும் படிக்கலாம். தூக்கிலிட்டவன் எழுதிய காகிதம் இருநூறு வருடம் கழித்தும் வாய் திறக்கிறது. ஓர் ஏழை விதவைக்கு அரசு கொடுத்த ஆணை சில வருடத்தில் ஊமையாகிவிட்டது. இது முன்னேற்றமா?

மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஸோஹோவுக்கு மாறியிருப்பதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது. பக்கத்துத் தென்காசி மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனம். மகிழ்ச்சிதான். ஆனால் யார் செய்தாலும் என் கோரிக்கை மூன்று.

ஒன்று, மாற்றுவதற்கு முன் பழைய இணைப்புகளைத் திறந்து பார்த்து, தமிழை யூனிகோடுக்கும் ஆணைகளை பி.டி.எஃப்.புக்கும் மாற்றுங்கள். இரண்டு, இணையத் தொடர்பில்லாத பழைய கணினி ஒன்றை, பழைய எழுத்துருக்களோடு, இரண்டு வருடமாவது பூட்டிய அறையில் வைத்திருங்கள். எந்த எழுத்தரும் டி.டி.பி. கடைக்கு ஓட வேண்டாம். மூன்று, எல்லாம் திறக்கிறது என்று ஓர் அதிகாரி பெயர் எழுதிக் கையெழுத்திடட்டும். கையெழுத்து இல்லாத வேலைக்குப் பொறுப்பும் இருக்காது. முப்பது வருடம் கோப்பு தள்ளியவன் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஓய்வூதிய ஆணை, பட்டா, காப்பீட்டுக் கடிதம் எதுவும் மின்னஞ்சலில் மட்டும் கிடந்தால், இன்றே பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு அச்சிட்டு பீரோவில் வையுங்கள். உங்களுக்குப் பின் அதைத் தூக்கிக்கொண்டு அலுவலக வாசலில் நிற்கப்போவது உங்கள் வீட்டு அம்மாதான்.