பரம்பரை என்று பழிக்கலாமா?

ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால், "சாவி கொண்டு வா, இரும்பு கொடு" என்று நாலு பேர் ஓடுவார்கள். வலிப்பு நின்றதும் அந்த நாலு பேரும் கேட்கும் கேள்வி, "அவர்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா?" என்பது. இரும்பினால் பயனில்லை என்று சொல்ல இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் எழுத விரும்புவது இந்தக் கேள்வியைப் பற்றித்தான். கேள்வி நல்ல கேள்வியே, டாக்டரும் அதைக் கேட்பார். அவர் மருந்துக்காகக் கேட்கிறார். ஊரார் பழி சொல்வதற்காகக் கேட்கிறார்கள்.

எங்கள் புத்தகத்தில் நரம்பு மண்டலம் ஒரு பாடம், மரபியல் வேறு பாடம். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இது விளங்கும். நரம்புச் செல்லின் சவ்வில் மிக நுண்ணிய வாயில்கள் உள்ளன. ஒரு வாயில் வழியே சோடியம் அயனி உள்ளே பாயும்போது மின் துடிப்பு பிறக்கிறது. இன்னொன்றின் வழியே பொட்டாசியம் வெளியேறும்போது அது தணிகிறது. கணவாயின் பருத்த நரம்பிழையில் இதை அளந்து 1952-ல் வெளியிட்ட ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1963-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஒவ்வொரு வாயிலும் ஒரு புரதம். அதைச் செய்யும் குறிப்பு ஜீனில் இருக்கிறது. சோடியம் வாயில் என்பது ஏறத்தாழ 2,000 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அதில் ஒரு மணி மாறினாலும் வாயில் கெட்டுவிடலாம்.

எல்லா வலிப்புக்கும் ஜீன்தான் காரணம் என்பதில்லை. தலையில் அடிபட்டாலும், மூளைக் காய்ச்சலாலும் வரும். ஆனால் 1995-ல் ஆஸ்திரேலியக் குடும்பம் ஒன்றில், தூக்கத்தில் வரும் வலிப்புக்கு வாயில் ஜீன் ஒன்றின் சடுதி மாற்றமே காரணம் என்று கண்டார்கள். 1998-ல் பொட்டாசியம் வாயில்கள் அகப்பட்டன. அவை கெட்ட குழந்தைகளில் பலருக்குப் பிறந்த சில நாட்களில் வலிப்பு வந்து, சில மாதங்களில் நின்றுவிடுகிறது. பரம்பரை நோயெல்லாம் ஆயுள் தண்டனை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டிராவே நோய் அவ்வளவு எளிதல்ல. பிரெஞ்சு மருத்துவர் சார்லட் டிராவே 1978-ல் விவரித்தது இது. ஒரு வயதுக்குள், பெரும்பாலும் காய்ச்சலோடு, நீண்ட வலிப்பு வரும். பிறகும் விடாது. எஸ்.சி.என்.1ஏ என்ற ஜீன் கெட்டு, சோடியம் வாயில்கள் குறைந்துபோவதே காரணம் என்று 2001-ல் தெரிந்தது. வாயில் குறைந்தால் துடிப்பும் குறைய வேண்டுமே, வலிப்பு ஏன் என்று நாங்களும் குழம்பினோம். மற்றச் செல்களை அடக்கி வைக்கும் செல்கள்தாம் அந்த வாயிலை மிகவும் நம்பியிருக்கின்றன. 2006-ல் எலிகளில் இதைக் காட்டினார்கள். வகுப்புத் தலைவிக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் வகுப்பு என்ன ஆகும் என்று எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!

பீனிட்டாயின், கார்பமசெபின் ஆகியவை சோடியம் வாயிலை அடைக்கும் மருந்துகள். பலருக்கு அவை நல்ல மருந்து. டிராவே குழந்தைக்கோ வலிப்பைக் கூட்டிவிடலாம். எஸ்.சி.என்.8ஏ ஜீன் மாறி, வாயில் அளவுக்கு மேல் திறந்து கிடக்கும் குழந்தைக்கு அதே மருந்து உதவுகிறது. (யாரும் தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது, அது பேராபத்து.) ஆகவே அத்தைக்குச் சிறுவயதில் வலிப்பு வந்ததை டாக்டரிடம் மறைப்பது குழந்தைக்குச் செய்யும் கெடுதல். மறைக்கச் செய்வது யார்? பழி சொல்லும் நாம் அல்லவா?

அந்தப் பழி பொய்யும்கூட. டிராவே குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அந்த மாற்றம் தாயிடமும் இல்லை, தந்தையிடமும் இல்லை, புதிதாய்த் தோன்றியது. "உன் பிறந்த வீட்டு நோய்" என்று மருமகளைக் குத்துபவர்களுக்கு இது தெரியுமா? பெற்றோரிடமிருந்து மாற்றம் வந்தவர்களிலும் சிலருக்கு வலிப்பே வருவதில்லை. பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, இது இவர் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தைக் கோவிலில் கேட்கும் நாமே, பெண் பார்க்கப் போகும்போது சீடர்களின் கேள்வியைக் கேட்கிறோம்.

இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது. 1999-ல் அதை நீக்கிவிட்டார்கள். சம்பந்தம் பேசுபவர்கள் இன்னும் நீக்கவில்லை. அதனால் சில வீடுகளில் மகளின் மாத்திரையைப் புடவைகளுக்கு அடியில் வைத்து அனுப்புகிறார்கள். புகுந்த வீட்டில் யாரும் பார்க்காமல் விழுங்க முடியாமல் ஒரு வேளை தவறும், மறுவேளையும் தவறும். கல்யாணக் களைப்பு, தூக்கமின்மை இரண்டும் சேர்ந்த அந்த வாரத்தில், நின்றிருந்த வலிப்பு திரும்பி வருகிறது.